ஸ்கூட்டரின் சட்டையைக் கழற்றுவது

ஆக்ஸிலரேட்டர் கேபிளின் விலை அப்படியொன்றும் அதிகமில்லை. பழையதை உருவிவிட்டுப் புதியதைக் கோக்க, கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மெக்கானிக் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, "எப்பண்ணா ரெடியாகும்?" என்று கேட்டால் கிடைக்கிற பதில், "சாயந்தரம் வாங்க சார்." அந்த அவகாசம் கேபிளுக்கு அல்ல. முன்பக்க மூடி, அதற்குப் பின்னால் உள்மூடி, ஹேண்டில் பார் மூடி, கால் வைக்கும் ஃபுட்போர்டு என்று வரிசையாகக் கழற்றியாக வேண்டும். பிறகு அத்தனையையும் ஒரு கீறல் விழாமல், ஒரு 'கிறுகிறு' சத்தம் மிஞ்சாமல் திரும்ப மாட்டியாக வேண்டும்.

பில்லில் வருவது 'கேபிள்' என்ற ஒரே வரி. தகராறு அங்கேதான் தொடங்குகிறது. ஸ்கூட்டர்காரர் பணம் கொடுக்க நினைப்பது தனக்குத் தெரிந்த கோளாறுக்கு. மெக்கானிக் கூலி கேட்பது அந்தக் கோளாறு வரை போய்த் திரும்பிய வழிக்கு. இன்றைய ஸ்கூட்டரில் பழுதுபார்ப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி எஞ்சினைத் தொடும் வேலையே அல்ல. சட்டையைக் கழற்றி மாட்டும் வேலை. பழக்கமில்லாமல் கழற்றுகிறவர்கள் உடைக்கிறார்கள். உடைந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் கழற்றுவதே இல்லை. ஃபுட்போர்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று வருடக்கணக்கில் பார்க்காமலே ஓட்டுகிறார்கள். இந்த இரண்டாவது ரகத்தினர்தான் அதிகம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1946-ல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளைக் கண்டால் அவருக்கு ஆகாது. எண்ணெய் தெறிக்கும், செயின் துணியைக் கெடுக்கும், பங்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு என்று குறைகள் வைத்திருந்தார். விமானத்தில் செய்வதைப் போலவே தனியாக ஒரு சட்டகம் வைக்காமல், அழுத்தி வளைத்த இரும்புத் தகட்டையே உடலாகவும் எலும்பாகவும் ஆக்கினார். எஞ்சினை வலது பக்கம் தொங்கவிட்டு அதன் மேல் குமிழ் போன்ற ஒரு மூடியைப் போட்டார். அந்த மூடியை எடுக்க ஸ்பானர் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். பிடியைக் கையால் விடுவித்தால் போதும்.

பியாஜியோ உரிமத்துடன் ஸ்கூட்டர் செய்துவந்த பஜாஜ், உரிமம் முடிந்தபின் 1972-ல் கொண்டுவந்த சேட்டக்கிலும் இதே ஏற்பாடுதான். பதிவு செய்துவிட்டுப் பல வருடங்கள் காத்திருந்து வாங்கிய வண்டி அது. பாதி வழியில் நின்றுவிட்டால் ஓட்டுகிறவர் சாலையோரம் ஒதுங்கி, மூடியை எடுத்துத் தரையில் வைத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு உதைப்பார். அரசாங்க குமாஸ்தா முதல் கல்லூரிப் பேராசிரியர் வரை எல்லோருக்கும் தெரிந்த மருத்துவம் இது. தன் வண்டியின் எஞ்சினை நேரில் பார்த்திராத சேட்டக் சொந்தக்காரர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்.

போட்டியாளரான லாம்ப்ரெட்டாவின் கதை வேறு. அதற்குக் குழாய்ச் சட்டகம் தனி, அதன்மேல் மாட்டிய தகடுகள் தனி. லக்னோவில் இருந்த பொதுத்துறை நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா தயாரித்த விஜய் சூப்பரும் இதே குடும்பம்தான். எலும்பு வேறு, சட்டை வேறு என்பதால் துருப்பிடித்த தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சேட்டக்கில் ஃபுட்போர்டு அரித்துப்போனால் வண்டியின் முதுகெலும்பே அரித்துப்போனதாக அர்த்தம். ஆனால் பக்கவாட்டு மூடிகள் சட்டென்று கழன்று வரும் விஷயத்தில் இரண்டும் ஒன்றே.

கடைசியில் லாம்ப்ரெட்டாவின் வழிதான் வென்றது, சட்டென்று கழலும் குணத்தை மட்டும் விட்டுவிட்டு. 1980-களில் வந்த கைனடிக் ஹோண்டா, 1990-களில் வந்த டிவிஎஸ் ஸ்கூட்டி, 2001-ல் வந்த ஹோண்டா ஆக்டிவா எல்லாம் இரும்புச் சட்டகத்தின் மேல் பல துண்டுகளாக மூடிகளைப் போர்த்திக்கொண்டவை. கியர் போயிற்று, கிக்கரை உதைக்கும் கட்டாயம் போயிற்று, சீட்டுக்கு அடியில் ஹெல்மெட் வைக்கும் டிக்கி வந்தது. எஞ்சின் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்விட்டது. பெண்களும் வயதானவர்களும் அச்சமில்லாமல் ஓட்டும் வண்டி இதனால்தான் சாத்தியமானது என்பதை மறுக்க முடியாது. சேட்டக்கைச் சாய்த்து ஸ்டார்ட் செய்ததை நினைத்து ஏங்குகிறவர்கள், அதை மழையில் புடவையோடு செய்து பார்த்தவர்கள் அல்ல.

ஆக்டிவா விற்பனைக்கு வந்த அதே 2001-ல்தான், பிப்ரவரி 28 அன்று, தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி காலடி வைத்ததிலிருந்து கணக்கிட்டால் 120 வருட வேலை அன்றோடு நின்றது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போயிருந்தது. சினிமாவில் பார்த்த கே.ஜி.எஃப். வேறு. உண்மையான கே.ஜி.எஃப்., வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக எந்திரங்களோடு வாழ்ந்த ஊர். சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-லேயே இங்கே மின்சாரம் வந்துவிட்டது. ஆளையும் பாறையையும் ஏற்றி இறக்கும் விசைப்பொறிகள், காற்றழுத்திகள், பம்புகள் எல்லாவற்றையும் ஊருக்குள்ளேயே பழுதுபார்த்தாக வேண்டிய நிலை. 1960-களில் வந்த பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலை மண்வாரி எந்திரங்களைச் செய்தது. ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்பவை இங்கே வீட்டுக்கு வீடு புழங்கிய சொற்கள்.

சுரங்கம் போனபின் ஊர் ரயிலேறியது. மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் ஸ்டேஷன்களிலிருந்து விடியற்காலையில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டர். அது நாள் முழுக்க வெயிலில் நிற்கும். இப்படி நிற்கும் வண்டிக்குத்தான் மூடிகளின் கோளாறு முதலில் வருகிறது. வெயில் பிளாஸ்டிக்கை உலர்த்தி நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவருகிறது. மூடிக்கு உள்ளே எலி நுழைந்து வயரைக் கடிக்கிறது.

தூசும் உண்டு. அது சாதாரணத் தூசு அல்ல. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் 13 மேடுகளாக ஊரைச் சுற்றிக் கிடக்கிறது. அளவு சுமார் 3.3 கோடி டன். ஊரார் அதைச் சயனைடு மலை என்கிறார்கள். மாவாக அரைத்த பாறை என்பதால் காற்று வீசும் மாதங்களில் அது எங்கும் நுழைந்துவிடும். ஏர் ஃபில்டரில் சேரும். கேபிளின் உறைக்குள் எண்ணெயோடு கலந்து பசையாகும். மூடியும் மூடியும் சந்திக்கும் இடுக்கில் உட்கார்ந்து, வண்டி அதிரும்போதெல்லாம் உப்புக் காகிதம் போலப் பெயின்ட்டைத் தேய்க்கும். வாட்டர் வாஷ் செய்தால் வெளியே மட்டும் பளபளக்கும். உள்ளே இருப்பது ஈரமாகி, வயர் இணைப்புகளின் மேல் சேறாகக் காயும். மூடியைக் கழற்றித் துடைத்தால் ஒழியப் போகாது.

இந்த ஊரிலிருந்து வெகுதூரம் போகாமல், இதே கோலார் மாவட்டத்தின் நரசாபுரத்தில், ஹோண்டா தன் மூன்றாவது இந்திய இருசக்கர வாகன ஆலையை 2013-ல் திறந்தது. அங்கே மூடிகள் ஏறுகின்றன, ராபர்ட்சன்பேட்டையில் இறங்குகின்றன. ஏற்றுவதற்கு ஏற்ப வடிவமைத்த பொருளை இறக்குவதுதான் கஷ்டம். அசெம்பிளி லைனில் நேரம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக ஸ்க்ரூ இருக்க வேண்டிய பல இடங்களில் 'லாக்' வைத்திருக்கிறார்கள். ஒரு மூடியின் விளிம்பில் நாக்கு போன்ற ஒரு நீட்சி, அடுத்த மூடியில் அதற்கு ஒரு துளை. தள்ளினால் 'டக்' என்று விழுந்துகொள்ளும். எந்தப் பக்கம் இழுத்தால் வெளியே வரும் என்பது வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது.

எனவே கழற்றுவதில் முதல் பாடம் இழுக்காமல் இருப்பது. வராத மூடி ஒன்று வர மறுக்கிறது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை காரணம் ஒன்றே: எங்கோ ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது. அது எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பது ஒரு தனிப் புவியியல். ஃபுட்போர்டு ரப்பர் மேட்டுக்கு அடியில் இருக்கலாம். டிக்கியின் தரையில், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், பை மாட்டும் கொக்கியின் அடியில், முன் மூடியின் கீழ் விளிம்பில் மட்கார்டுக்கு மேலே, சில மாடல்களில் கம்பெனி சின்னத்துக்குப் பின்னாலும் இருக்கலாம். முன் சக்கரத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால்தான் கண்ணில் படும் ஸ்க்ரூக்களும் உண்டு. தெரிந்த மெக்கானிக் மூடியின் விளிம்பில் விரல்களை ஓடவிட்டு லேசாக அசைத்துப் பார்ப்பார். எங்கே அசைவு நிற்கிறதோ அங்கேதான் ஸ்க்ரூ.

இரண்டாவது, வரிசை. எந்த மூடி எதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து எது முதலில் வர வேண்டும் என்பது முடிவாகிறது. மாடலுக்கு மாடல் மாறும் என்றாலும், பின்பகுதிக்குப் பொதுவான வழி இது. முதலில் பேட்டரியின் கறுப்பு வயரான நெகடிவைக் கழற்ற வேண்டும். சிவப்பை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டால் பொறி பறக்கும். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். அடுத்து சீட்டும் டிக்கிப் பெட்டியும். பெரும்பாலும் நான்கு போல்ட்டுகள், பத்தாம் நம்பர் ஸ்பானர் போதும். பிறகு பின்னால் உட்காருபவர் பிடிக்கும் கைப்பிடி, அதன்பின் சீட்டுக்குக் கீழே கால்களுக்கு நடுவில் இருக்கும் மூடி. இவை எல்லாம் போனபின்தான் பக்கவாட்டு மூடிகள். அவசரக்காரர்கள் பக்கவாட்டு மூடியிலிருந்தே தொடங்குவார்கள். அது வராது. வந்தால், பாதிதான் வரும்.

மூடியை விடுவித்த கையோடு தூக்கி எறிந்துவிடவும் கூடாது. பின்னால் இண்டிகேட்டருக்கோ பிரேக் லைட்டுக்கோ போகும் வயர் அதில் தொங்கிக்கொண்டிருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல், இணைப்பானின் பிளாஸ்டிக் தலையைப் பிடித்து, அதன் சிறு நாக்கை அமுக்கிப் பிரிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் இதற்கு முக்கியத்துவம் கூடிவிட்டது. கார்பரேட்டரின் இடத்தில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வந்திருக்கிறது; அதற்குச் சேதி சொல்லும் சென்சார்களும் வந்திருக்கின்றன. ஒன்றைப் பிரித்து வைத்திருக்கும்போது யாராவது சாவியைத் திருப்பிவிட்டால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். பட்டறையில் நிற்கும் வண்டியின் சாவியை மெக்கானிக் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது திருட்டுக்குப் பயந்து மட்டுமல்ல.

ஸ்க்ரூவின் தலை ஒரு தனிக் கதை. 'ஸ்டார்' என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பிளஸ் குறியில் இரண்டு ஜாதி உண்டு. அமெரிக்காவின் ஃபிலிப்ஸ் ஒன்று, ஜப்பானியத் தரம் மற்றொன்று. பார்வைக்கு இரட்டைப் பிறவிகள். ஆனால் ஜப்பானிய ஸ்க்ரூவில் ஃபிலிப்ஸ் டிரைவரை வைத்து அழுத்தித் திருகினால் முனை ஆழமாக உட்காராமல் மேலேறி வழுக்கும். இரண்டு தடவை வழுக்கினால் குழி மழுங்கிவிடும். மூன்றாவது தடவை டிரில் மிஷினைத் தேட வேண்டியதுதான். சில ஜப்பானிய ஸ்க்ரூக்களின் தலையில் அடையாளமாக ஒரு சிறு புள்ளி இருக்கும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகள் இத்தனை லட்சம் ஓடுகிற நாட்டில் ஹார்டுவேர் கடைகள் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை. பொருத்தமான டிரைவர் கிடைக்காவிட்டால், முனை குழியில் தளதளவென்று ஆடாத ஒன்றாகப் பார்த்து வாங்கி, திருப்புவதைவிட அழுத்துவதில் அதிக பலத்தைச் செலவிடலாம்.

கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரே டப்பாவில் கொட்டுவதுதான் பெரிய தவறு. எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும் நீளம் வேறு. குட்டை ஸ்க்ரூ இருந்த துளையில் நீளமானதை முடுக்கினால் அது மறுபக்கம் நீட்டிக்கொண்டு வயர்க் கற்றையைக் குத்தும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மூன்று மாதம் கழித்து, வண்டி அதிர்ந்து அதிர்ந்து வயரின் உறை தேய்ந்தபின், ஒரு மழை நாளில் ஃபியூஸ் போகும். காரணம் யாருக்கும் புரியாது. இதற்கு மலிவான வைத்தியம் ஓர் அட்டைப் பெட்டி மூடி. அதில் ஸ்கூட்டரின் உருவத்தைக் கோணல்மாணலாக வரைந்து, எந்த இடத்தில் கழற்றிய ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே குத்தி வைத்துவிட வேண்டும். செல்போனில் படம் எடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் படத்தில் ஸ்க்ரூவின் தலை தெரியும், நீளம் தெரியாது.

இவ்வளவு செய்தும் உடைவது உண்டு. உடைவது பெரும்பாலும் மூடி அல்ல, அதன் 'காது'. ஸ்க்ரூவோ லாக்கோ பிடிக்கும் சிறு நீட்சியைப் பட்டறைகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். காதை மட்டும் எந்தக் கம்பெனியும் விற்பதில்லை. முழு மூடியையும் வாங்க வேண்டும். வண்டியின் நிறத்திலேயே வேண்டும் என்றால் விலை இன்னும் ஏறும். மார்கழிக் காலையில், தங்கவயலின் குளிரில், இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியின் காதுகள் பிஸ்கட் மாதிரி ஒடியும். அனுபவசாலிகள் அந்த நேரத்தில் தொடுவதில்லை. வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் விட்டு, பிளாஸ்டிக் இளகியபின் கை வைக்கிறார்கள்.

உடைந்த காதை ஒட்ட முடியுமா என்பது மூடியின் முதுகைப் பார்த்தால் தெரியும். உள்பக்கத்தில் பொடி எழுத்துக்களில் ஏ.பி.எஸ். அல்லது பி.பி. என்று அச்சாகியிருக்கும். பெயின்ட் அடித்த வெளி மூடிகளில் பெரும்பாலும் முதலாவதும், கறுப்பு நிற உள்மூடிகளில் பெரும்பாலும் இரண்டாவதும் இருக்கும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அசிட்டோனில் கரையும். அதே ரகத்தின் துண்டுகளைக் கரைத்துப் பசையாக்கிப் பூசினால் காது மறுபடி உறுதியாக ஒட்டிக்கொள்ளும். பி.பி. எனப்படும் பாலிப்ரொப்பிலீன் எந்தப் பசைக்கும் எளிதில் மசியாது. சூடாக்கி உருக்கித்தான் இணைக்க வேண்டும். பட்டறைகளில் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, மெல்லிய கம்பி வலையைப் பிளாஸ்டிக்கில் புதைத்துத் தையல் போடுகிறார்கள். நாற்றமெடுக்கும் அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. ஆனால் வாயில் துணி கட்டிக்கொண்டு செய்கிறவர்களைக் காண்பது அரிது.

ஆக்டிவா போன்ற வண்டிகளில் பக்கவாட்டு மூடிகள் இரும்புத் தகடு. தங்கவயலில் டிங்கர் பட்டறைகளுக்கு இன்னும் வேலை இருப்பதற்கு இதுவும் காரணம். தகடு நசுங்கும், பிளாஸ்டிக் போல உடையாது. உள்ளிருந்து தட்டி நிமிர்த்திப் பட்டி பூசி பெயின்ட் அடித்துவிடலாம். அதற்கும் மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றாமல் வெளியிலிருந்தே பட்டி பூசி மெழுகிய வேலை, இரண்டு மழையில் குமிழ் விட்டுக் கிளம்பும்.

இந்தத் தகடு, பிளாஸ்டிக் பேதம் இன்ஷூரன்ஸிலும் பணமாகப் பிரதிபலிக்கிறது. முழுக் காப்பீடு இருந்தும், விபத்தில் உடைந்த பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழித்துக்கொள்வதுதான் வழக்கமான விதி. வண்டி புதியதா பழையதா என்ற கேள்வியே கிடையாது. ஃபைபர் கிளாஸ் என்றால் 30 சதவீதம். இரும்பு பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: முதல் ஆறு மாதம் வரை கழிவே இல்லை, ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் என்றால் 10 சதவீதம், பத்து வருடம் தாண்டினால்தான் 50. தெருவில் எல்லோரும் ஸ்கூட்டரின் பிளாஸ்டிக்கை 'ஃபைபர்' என்றே அழைக்கிறார்கள். கிளெய்ம் படிவத்தில் அந்தச் செல்லப் பெயர் செல்லாது. தேய்மானம் கழிக்காத பாலிசிக்குத் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும்.

மூடியைக் கழற்றும் வரிசை ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனியின் சர்வீஸ் மேனுவலில் படத்தோடு இருக்கிறது. எந்த இடத்தில் லாக், எந்தத் திசையில் இழுக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். ஆனால் அது வண்டி வாங்கியவருக்குத் தரப்படும் புத்தகம் அல்ல. டீலரின் ஒர்க்‌ஷாப்புக்கானது. தெரு மெக்கானிக்குக் கிடைப்பது முதலில் வந்த வண்டியை உடைத்துக் கற்ற பாடம். ஒவ்வொரு புது மாடலுக்கும் யாராவது ஒரு வாடிக்கையாளரின் காது பலியாகிறது.

கார்களில் இந்தப் பிரச்சினை நீதிமன்ற வாசல் வரை போயிருக்கிறது. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளிக் கடைகளுக்குத் தராமல் போட்டியைத் தடுத்ததாக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடு, தடை என்று அது பிறகு நீண்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராய நிதி கரே தலைமையில் குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள் இவற்றோடு மோட்டார் வாகனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. அந்த ஆண்டே டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், தகவல்களை ஒரே இடத்தில் தரும் இணையதளம் தொடங்கப்பட்டது. கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர் முகவரி தெரிந்துகொள்வது நல்லதுதான். எம்.ஜி. மார்க்கெட் அருகே கடை வைத்திருப்பவருக்கு வேண்டியதோ அம்புக்குறி போட்ட அந்தப் படம்.

மின்சார ஸ்கூட்டர் வந்தபின் இது இன்னும் கூர்மையாகியிருக்கிறது. 2009-ல் ஸ்கூட்டர் தொழிலையே விடுவதாக அறிவித்த பஜாஜ், 2020-ல் சேட்டக் என்ற அதே பெயரில் மின்சார வண்டியோடு திரும்பி வந்தது. கையால் எடுக்கும் அந்தப் பழைய மூடி மட்டும் திரும்பவில்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் வந்துவிட்டதால் தங்கவயல் தெருக்களில் இந்த வண்டிகள் புதுமை அல்ல. இவற்றில் ஆயில் மாற்ற வேண்டியதில்லை, பிளக் இல்லை, கார்பரேட்டர் இல்லை. தெரு மெக்கானிக்கின் தினசரி வருமானத்தில் பெரும்பகுதி அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது பிரேக், சக்கர பேரிங், டயர், அப்புறம் மூடிகள். விழுந்தால் உடைவது பெட்ரோல் வண்டிக்கும் மின்சார வண்டிக்கும் பொது.

ஆனால் பழைய துணிச்சலோடு இதைத் திறக்கக் கூடாது. பழைய ஸ்கூட்டரில் 12 வோல்ட் பேட்டரியில் கை பட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது. மின்சார ஸ்கூட்டரின் பிரதான பேட்டரி 48 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். ஸ்பானர் ஒன்று குறுக்கே விழுந்தால் அது உருகும் அளவுக்குக் கரண்ட் பாயும். தடித்த ஆரஞ்சு நிற வயரோ, எச்சரிக்கை ஒட்டியோ கண்ணில் பட்ட இடத்தில் நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். முன் மூடி, ஹேண்டில் பார் மூடி, மட்கார்டு இவற்றோடு வெளி மெக்கானிக்கின் எல்லை முடிகிறது. அதற்கப்பால் போக முறையான பயிற்சி வேண்டும். வாரன்ட்டி காலத்தில் வெளி ஆள் கழற்றியது தெரிந்தால் கம்பெனி கைவிரிக்க ஒரு சாக்கு கிடைக்கும் என்பதும் வண்டிக்காரர் நினைவில் வைக்க வேண்டியது.

மாட்டும் வேலைக்குக் கழற்றியதைவிட அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முதலில் லாக்குகள் எல்லாம் துளைகளில் உட்கார்ந்தனவா என்று பார்த்துவிட்டு, ஸ்க்ரூக்களைப் பாதி மட்டும் ஏற்றி, மூடி எங்கும் இழுத்துக்கொண்டு நிற்கவில்லை என்று தெரிந்தபின்தான் முடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் நேரடியாக ஏறும் ஸ்க்ரூவை முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்ப வேண்டும். பழைய மரையில் 'டிக்' என்று விழும். அதன்பின் வலது பக்கம் திருப்பினால் புது மரை வெட்டாமல் ஏறும். முடுக்க இரண்டு விரல் பலம் போதும். முழங்கை பலம் காட்டினால் துளை கிழியும்.

முன் மூடியைக் கழற்றி மாட்டிய வண்டியைத் தெருவில் இறக்குவதற்கு முன் ஒன்று செய்தாக வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டு, பின் சக்கரம் தரையில் படாமல் இருக்க, ஹேண்டில் பாரை இடது ஓரம் வரையிலும் வலது ஓரம் வரையிலும் திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பும்போது எஞ்சின் சத்தம் தானாக ஏறினால், ஆக்ஸிலரேட்டர் கேபிள் மூடிக்குள் எங்கோ இறுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வளைவில் திரும்பும்போது வண்டி தானாக வேகமெடுக்கும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விட்டால் 'பட்' என்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டு பிரேக் பிடிகளையும் அழுத்திப் பார்க்க வேண்டும், ஹாரனும் இண்டிகேட்டரும் வேலை செய்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். சத்தம் ஏறினால் மாட்டிய அத்தனையையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான். சாயந்தரம் வரச் சொன்ன வாடிக்கையாளர் வாசலில் வந்து நின்றிருந்தாலும் சரி, அட்டையில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சி நின்றாலும் சரி.